உப்புக் காணாது

பள்ளிமுனை,
09.06.2024

அன்புள்ள கொழுந்து,

நான் சுகம். நீயும் அண்ணன் வீட்டில் சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லை என்றால் இதற்குள் வீட்டுக்கு வந்திருப்பாய்.

‘போனில கதைச்சால் சண்டைதான் வருது. இனி எடுக்காதீங்கோ. ஏதும் இருந்தால் எழுதுங்கோ, எழுதினால் குறுக்க பேச ஏலாது’ என்று சொன்னாய். சரி, எழுதுகிறேன். மடுவில் அகதியாக இருந்த காலத்தில் உனக்கு எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனை பிடிக்கிறேன். அப்போது உன் கொட்டில் எங்கள் கொட்டிலுக்கு அடுத்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். அதற்கே பக்கம் பக்கமாக எழுதினேன். இப்போது பாலம் கடந்து போக வேண்டிய தூரத்தில் இருக்கிறாய், எனக்கு எழுத வரவில்லை. இதை ஆதம்பாவா கொண்டு வருவார். மோட்டார் சைக்கிளில் உங்கள் பக்கம்தானே மீன் விற்க வருகிறார். கடிதம் மீன் மணத்தால் என்னைக் குறை சொல்லாதே.

அண்ணிக்கு ஒப்பரேசன் என்று பொங்கலோடு போனாய். அவ எழும்பி நடக்கிற வரைக்கும் என்றாய். இப்போது அவ சந்தைக்கே போய் வருகிறாவாம். நீ எப்போது வருகிறாய்?

பிள்ளை றெபேக்கா கொழும்பிலிருந்து ஒரு ரைஸ் குக்கர் அனுப்பினாள். ‘பட்டனை அமத்தினால் சோறு வரும் அப்பா’ என்றாள். அமத்தினேன், கஞ்சி வந்தது. அடுத்த நாள் தண்ணீரைக் குறைத்தேன், பல்லில் கடிபட்டது. இப்போது இரவானால் சந்திக் கடை ரொட்டிதான். வயிறு எரிகிறது. எனக்குச் சமையல் பிடிக்கவில்லை, கொழுந்து. வெங்காயம் உரிக்கும்போதே அலுப்பு வந்துவிடுகிறது. இவ்வளவு காலமும் நீ எப்படித்தான் இதை ஆசையாகச் செய்தாயோ தெரியாது.

சோத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்றாவது எழுது.

அன்புடன்,
அந்தோனிமுத்து


அடம்பன்,
16.06.2024

றெபேக்காவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மீன் மணந்தது.

நான் ஆசையாகச் செய்தேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்குச் சமையல் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. வயலில் நாள் முழுக்க நிற்கச் சொன்னால் நிற்பேன், குசினிக்குள் நிற்கத்தான் கால் வலிக்கும். செய்யத்தான் வேண்டும் என்பதால் செய்தேன். எப்படிக் கெதியாக முடிக்கலாம் என்பதைத்தான் இவ்வளவு காலமும் யோசித்தேன். அதனால் உங்களுக்குச் சொல்லித்தர என்னைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

சோறு: அரிசியைக் கழுவி மட்டப்படுத்துங்கள். சுண்டுவிரலை அரிசியின் மேல் நிறுத்தினால் தண்ணீர் முதல் ரேகைக்கு வர வேண்டும். அவ்வளவுதான். அதற்குள்ளேயே ஒரு பிடி மைசூர்ப் பருப்பும், தோலோடு பூசணிக்காய்த் துண்டும், ஒரு பச்சைமிளகாயும் போட்டுவிட்டால் கறி வேறாகத் தேவையில்லை. ஒரு முட்டையைக் கழுவி அரிசியின் மேலே வைத்தால் சோற்றோடு அதுவும் அவியும். ஒரே பாத்திரம், ஒரே கழுவல்.

மீன்: சட்டியை அடுப்பில் வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். மீன், தூள், புளி, பச்சைமிளகாய், வெங்காயம், மூடுகிற அளவுக்குத் தண்ணீர். வெங்காயம் வெட்ட அலுப்பு என்றால் சின்ன வெங்காயத்தை முழுதாகவே போடுங்கள். கொதித்தவுடன் நெருப்பைக் குறைத்து, மூடிவிட்டுப் போய்க் கதிரையில் இருங்கள். கரண்டி போடக்கூடாது, மீன் உடையும். துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். தேங்காய் துருவ வேண்டாம், பக்கெற் தேங்காய்ப்பால் மா கடையில் இருக்கிறது. தாளிப்பதெல்லாம் வேண்டாம். நீங்கள் இவ்வளவு காலமும் சாப்பிட்டது இதைத்தான், தாளிக்காததை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை.

உப்பு மட்டும் நீங்களே பார்த்துப் போடுங்கள். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

றெபேக்காவின் அம்மா


பள்ளிமுனை,
07.07.2024

அன்புள்ள கொழுந்து,

சமையல் பிடிக்காதா? உனக்கா? இத்தனை வருடமாக ஒரு கள்ளியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று வள்ளத்தில் வைத்து மில்ரனிடம் சொன்னேன். அவன் சிரித்துச் சிரித்து வலையை விட்டுவிட்டான்.

ஆனால் உன் வித்தை பலித்தது. சோறு பதமாய் நின்றது. பூசணிக்காய் கரைந்து சோறு மஞ்சளாய் வந்தது, முட்டையும் அவிந்து கிடந்தது. எனக்கே என்னில் மரியாதை வந்துவிட்டது. பிறகு மீன். அன்றைக்குப் பட்ட விளைமீனில் ஒன்றை எடுத்து வைத்து, நீ எழுதியபடியே எல்லாவற்றையும் கொட்டி மூடிவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன். இருந்தபடியே நித்திரையும் கொண்டுவிட்டேன். அப்படியிருந்தும் கறி அடிப்பிடிக்கவில்லை. கடலுக்குப் போவதற்கு முன் மில்ரனும் நானும் குசினி வாசலில் இருந்து சாப்பிட்டோம். அவன் சாப்பாட்டுக் கோப்பையை வழித்து நக்கினான். ‘உப்புக் காணாது’ என்று சொல்லிப்போட்டு இரண்டு பேரும் எழும்பி வள்ளத்துக்குப் போனோம். நல்ல மீன் பட்டது.

நீ எப்போது வருகிறாய் என்பதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். கொழுந்து, நான் குடிக்கிறவனில்லை. உன்னில் ஒருநாளும் கை வைத்தவனில்லை. உழைத்ததை உன் கையில்தான் தந்தேன். வேறு என்ன குறை? எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்கிறார்கள். மார்கழியில் கோயில் திருநாள் வருகிறது. அதற்காவது வந்துவிடு. சமைக்க வேண்டாம். நான் சமைக்கிறேன்.

வயிறு இப்போது எரிகிறதில்லை.

அன்புடன்,
அந்தோனிமுத்து


அடம்பன்,
20.07.2024

றெபேக்காவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மூலையில் போட்டேன். பிறகு எடுத்துத் திரும்பவும் வாசித்தேன். நீங்கள் வைத்த கறியைப் பற்றிய அந்த ஒரு வரிக்காகத்தான்.

என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

கலியாணம் முடிந்து உங்கள் வீட்டில் நான் வைத்த முதல் கறி திரளிமீன். கடலோரத்துப் பெண்கள் மீன் வைக்கிற மாதிரி எனக்கு வருமோ என்று பயந்து பயந்து வைத்தேன். வயல்காட்டில் பிறந்தவள், எனக்குத் தெரிந்த மீன் குளத்து மீன். நீங்கள் சாப்பிட்டு, கை கழுவி, ‘உப்புக் காணாது’ என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அடுத்த நாள் உப்பைக் கூட்டினேன். அன்றைக்கும் ‘உப்புக் காணாது.’ பிறகு குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், கரைத்துப் பார்த்தேன். றெபேக்கா பிறந்தாள், வளர்ந்தாள், கொழும்புக்குப் போனாள். அந்தச் சொல் மட்டும் போகவில்லை. வேறு ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்து வரவுமில்லை.

போன வருடம் ஒருநாள் கோபத்தில் கை நிறைய உப்பை அள்ளிக் கறியில் போட்டேன். நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன். நீங்கள் கோப்பையை முடித்து, தண்ணீர் குடித்து, ‘உப்புக் காணாது’ என்றீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இந்த மனுசன் நான் போடுவதை ருசிக்கவே இல்லை. மண்ணைப் போட்டாலும் இதைத்தான் சொல்வார். பிடிக்காத வேலையை ஒரு ஆளுக்காகச் செய்துகொண்டிருந்தேன், அந்த ஆள் அங்கே இல்லை. அண்ணிக்கு ஒப்பரேசன் என்று வந்தபோது எனக்குக் கவலையைவிட நிம்மதிதான் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

இங்கே அண்ணிக்குச் சமையல் என்றால் உயிர், என்னை அடுப்படிக்குக் கிட்டவும் விடமாட்டா. நான் காலையில் மாடுகளைப் பார்க்கிறேன், வயலுக்குப் போகிறேன், பின்னேரம் பேப்பர் வாசிக்கிறேன். தில்லைநாதன் அண்ணா வளவின் பின்பக்கம் எனக்கென்று ஒரு அறை கட்டித் தருகிறேன் என்கிறார். மழைக்கு முன் கூரை போட வேண்டும், முடிவைச் சொல் என்கிறார். குசினியும் வைக்கவோ என்று கேட்டார். அது வேண்டாம் என்றேன். அறைக்கு ஓம் என்று இன்னும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்களே வைத்த கறிக்கு, மில்ரன் கோப்பையை நக்கின கறிக்கு, ஏன் ‘உப்புக் காணாது’ என்று சொன்னீர்கள்?

றெபேக்காவின் அம்மா

தகரப்பேணியில் வருகிற ரின்மீன் வாங்கினால் சமைக்கத் தேவையில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய் பிழிந்த புளி சேர்த்துப் பிசைந்து பாணோடு சாப்பிடுங்கள்.


பள்ளிமுனை,
22.07.2024

என் கொழுந்து,

ஆதம்பாவாவை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். மனுசன் மீனுக்கு ஐஸ் கரையுது என்று கத்துகிறார், கத்தட்டும்.

உனக்குத் தெரியாதா? கடவுளே, உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா?

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவன் சாப்பாட்டைப் புகழக்கூடாது. என் அப்பரின் தம்பி, சின்னையா ஒருவர் இருந்தார், நான் சிறுவனாக இருந்தபோது. ஒருநாள் அம்மா வைத்த கணவாய்க் கறியைச் சாப்பிட்டுவிட்டு, ‘மச்சாள், இதுக்கு மேல ஒரு சாப்பாடு இல்லை, இது போதும்’ என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும்தான் கரைக்கு வந்தது. போதும் என்று சொன்னவனைக் கடல் திருப்பி அனுப்பாது என்று அப்பர் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழும்பும்போது ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவோம். குறை இருந்தால் அதைத் தீர்க்க வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்தானே. அப்பர் ‘உப்புக் காணாது’ என்பார், அம்மா ‘வந்து போட்டுத் தாறன்’ என்பா. அதுதான் ‘போயிட்டு வாறன்’ என்பதற்கு எங்கள் வீட்டுப் பேச்சு. மில்ரனும் எங்கள் வள்ளத்தில் ஏறியபிறகு அதைப் பழகிக்கொண்டான்.

புதிதாக வருகிற மருமகளுக்கு அம்மா சொல்லிக்கொடுத்திருப்பா. நம் கலியாணத்துக்கு முந்தின வருடமே அவ போய்விட்டா. நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது தெரிய வேண்டிய ஒன்று என்றே எனக்குத் தோன்றவில்லை. நீ ஒன்றும் பேசாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போவாய். வயல்காட்டுப் பிள்ளை, வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

நீ உப்பள்ளிப் போட்ட நாள் எனக்கு நல்ல ஞாபகம். ருசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்குக் கடலில் என் தண்ணீர்ப் போத்தலை முடித்து, மில்ரனின் போத்தலையும் முடித்தேன். உனக்கு உடம்பு சரியில்லை, கை தவறிவிட்டது, முகத்தைச் சுளித்தால் மனம் நோவாய் என்றுதான் முழுவதையும் விழுங்கினேன். என் சொல் உனக்குக் குத்தும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

உன் மீன்குழம்புக்கு இந்தத் தெருவில் ஈடு இல்லை, கொழுந்து. இன்றைக்குக் காற்று, கடலுக்குப் போகவில்லை, அதனால் துணிந்து இதை எழுதுகிறேன். இப்போது எல்லாம் தெளிந்துவிட்டதுதானே. அண்ணாவிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிடு. நாளைக்கே வா.

உன்,
அந்தோனிமுத்து


அடம்பன்,
04.08.2024

றெபேக்காவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். அண்ணி என்ன என்று கேட்டா, வெங்காயம் என்றேன். என்னைப் பார்த்து அவ சிரித்தா, நான் வெங்காயத்தைத் தொட்டு எவ்வளவு காலம்.

‘வந்து போட்டுத் தாறன்.’ நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதானா? எத்தனை தரம் நீங்கள் படியில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போயிருக்கிறீர்கள். செருப்பைத் தேடுகிறீர்கள் என்று நினைத்தேன். ‘ஏன் எப்பவும் இதையே சொல்லுறியள்?’ என்று ஒருநாள் நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இன்னும் பெரிய குறை ஒன்றைச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். பயம் பிறகு வீம்பாகிவிட்டது.

இரண்டு நாள் மனம் இளகித்தான் கிடந்தது. உடுப்பைக்கூட மடித்து வைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிமுனையில் யாரும் வள்ளம் தள்ளுவதில்லை. பூசை முடிந்து வந்து, ஆறுதலாக இருந்து சாப்பிடுவீர்கள். றெபேக்கா உங்கள் மடியில் இருப்பாள். சாப்பிட்டுப் படுப்பீர்கள். அன்றைக்குக் கடல் இல்லை, கண்ணூறு இல்லை, சின்னையாவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ‘உப்புக் காணாது’ என்றுதானே சொன்னீர்கள்?

அதற்கு என்ன காரணம் என்று எழுதுங்கள். நல்ல காரணமாக இருக்க வேண்டும் என்று மடு மாதாவிடம் கேட்டிருக்கிறேன்.

றெபேக்காவின் அம்மா


பள்ளிமுனை,
01.09.2024

அன்புள்ள கொழுந்து,

இந்தக் கடிதம் பிந்திவிட்டது. ஆதம்பாவா வந்து வந்து ‘இண்டைக்கும் இல்லையோ?’ என்று கேட்டுவிட்டுப் போனார். எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் காரணம் இல்லை.

வாய் பழகிவிட்டது. வேறு சொல் தேடவில்லை. நல்லாயிருக்கு என்று நினைத்த ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய. அதைச் சொல்ல ஏதோ வெட்கம். அப்பர் அம்மாவுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்லலாம், நத்தார்ப் பெருநாளுக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். பொய்யாக ஒரு காரணம் எழுதியும் பார்த்தேன். உனக்கு அனுப்ப மனம் வரவில்லை.

வருகிற பதினைந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. நான் சமைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். நீ எழுதித் தந்த கறிதான், வேறு எனக்குத் தெரியாது. அண்ணா, அண்ணி எல்லோருக்கும் கொண்டு வருகிறேன். நீ ஒன்றும் செய்யக்கூடாது, கதிரையில் இருந்தால் போதும். வர வேண்டாம் என்றால் ஆதம்பாவாவிடம் சொல்லிவிடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் வருவேன்.

அந்தோனிமுத்து


அடம்பன்,
17.09.2024

அன்புள்ள றெபேக்காவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடலுக்குப் போகிற நாளில் உடைக்க வேண்டாம் என்று ஆதம்பாவாவிடம் சொல்லி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள். ஏன் என்று வாசிக்கும்போது விளங்கும்.

நீங்கள் சாப்பாட்டுக் கரியரைத் திறந்து ஒவ்வொரு அடுக்காக வைத்ததை நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிப்பெட்டியால் சேட்டை மினுக்கிப் போட்டிருந்தீர்கள், கொலரில் ஒரு சொட்டுக் குழம்பு. முழு வெங்காயம் முழுதாகவே கிடந்தது. எனக்குப் போட்டபோது உடையாத துண்டாகத் தேடி எடுத்தீர்கள். அதை அண்ணி காணவில்லை, நான் கண்டேன்.

அண்ணா ஒரு வாய் வைத்துவிட்டு, ‘நல்ல மீன், மச்சான். உப்புத்தான் கொஞ்சம் காணாது’ என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சாதாரணமாகச் சொன்னார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். காலையிலேயே எழும்பி, மீன் வெட்டி, சட்டியைச் சுழற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மனுசனின் முகம். அந்த முகத்தை நான் முந்தி எங்கேயும் கண்டதில்லை. ஆனால் உள்ளே இருந்து எனக்கு அது நல்ல பழக்கம், இவ்வளவு காலமும் என் முகமும் அதுதானே. நீங்களும் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். உங்களுக்கும் விளங்கியது என்று நினைக்கிறேன்.

‘இல்லை அண்ணா, அளவாத்தான் இருக்கு. நல்லாயிருக்கு’ என்றேன். கடலுக்குப் போகிற நாளில் இந்தச் சொல் உங்கள் காதில் விழக்கூடாதுதானே.

உண்மையில் உப்புக் காணாதுதான். அண்ணா சொன்னது சரி. ஆனாலும் நல்லாயிருக்கு என்று சொல்ல எனக்கு ஒரு பாடும் இருக்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. இவ்வளவு லேசானதா என்று நினைத்தபோதுதான் மனம் உடைந்தது. உங்களுக்கும் இது லேசாகத்தானே இருந்திருக்கும். எனக்கும் ஒரு கேள்வி கேட்பது லேசாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் செய்யவில்லை.

பஸ் ஏறும்போது நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. கோபம் போனால் நானாகவே வந்துவிடுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கோபம் போய்விட்டது. ஆனால் நான் வரவில்லை. இங்கே காலையில் எழும்பும்போது இன்றைக்கு என்ன கறி என்ற பயம் இல்லை. அந்தக் குசினி வாசலில் திரும்பவும் வந்து நின்றால், நீங்கள் எவ்வளவு நல்லாயிருக்கு என்று சொன்னாலும், எனக்குப் பழைய சொல்தான் கேட்கும். அது உங்கள் பிழை மட்டும் இல்லை, அந்தச் சொல்லை அவ்வளவு காலம் நானும் வளர்த்துவிட்டேன். அண்ணாவிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். கூரைக்கு மரம் வந்துவிட்டது. பிள்ளைக்கு நானே சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம்.

கடலில் கவனம். காற்று மாறுகிற காலம்.

கரியரைக் கழுவி அனுப்புகிறேன். வெறுமையாக அனுப்பக்கூடாது என்று எங்கள் வீட்டு அரிசி கொஞ்சம் போட்டிருக்கிறேன். இது கடை அரிசி மாதிரி இல்லை, தண்ணீரை ரேகைக்குக் கொஞ்சம் கீழே விடுங்கள். மீன்கறிக்கு உப்பு இன்னும் ஒரு சிட்டிகை போடலாம். இதைக் குறை என்று எடுக்காதீங்கோ.

கொழுந்து